மகாவலியில் போகாத படகு

இன்று மகியங்கனைப் பாலத்தில் பஸ் நின்றது. கீழே மகாவலி ஆற்றில் நல்ல காற்று.

எழுபதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் சின்னப் பாய்மரப் படகைத் தோட்ட லொறியில் ஏற்றி, நான்தான் இங்கே கொண்டுவருவேன். ஒரு புதன்கிழமை, பாய் படபடக்க, துரை கேட்டார்:

"டிரைவர், நீயும் வர்றியா?"

"வேணாங்க தொர, லொறியப் பாத்துக்கணும்."

உண்மையில், அவருக்குச் சமமாக உட்காரக் கூச்சம். வளைவில் பாய் மறையும்வரை கரையில் நின்றேன். அடுத்த மாதம் துரை படகை விற்றுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார்.

பாய்மரப் படகில் போகும் ஆசை இன்னும் போகவில்லை என்று பக்கத்தில் இருந்த மனைவியிடம் இன்றுதான் சொன்னேன்.

"இப்ப யாராவது கூப்பிட்டா, என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றாள்.

படகு வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். இரண்டு பேர். இருவருக்குமே நீச்சல் தெரியாது.