ராகு காலம் கழிந்த பிறகு

இலுப்பூர் கடைத்தெருவில் பட்டா நகல் எடுக்கவும் சாதிச் சான்றிதழுக்கு எழுதிப்போடவும் வருகிறவர்களுக்குச் சுகுணாவின் கம்ப்யூட்டர் சென்டர்தான் கதி. வாயும் ஓயாது, கையும் ஓயாது அவளுக்கு. கூட்டம் இல்லாத மத்தியானங்களில் பிளாக்செயின் படித்தாள். "அது என்னத்துக்கு ஒனக்கு?" என்று கேட்ட அப்பாவிடம் "சும்மாதான்" என்றாள். சும்மா ஆரம்பித்தது குடும்பக் கிணற்றில் போய் நின்றது.

அப்பா அய்யாக்கண்ணுவுக்கும் சித்தப்பா வீரய்யாவுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. இன்றைக்கு யார் முறை என்பதில் தகராறு முற்றி, சித்தப்பா மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டார். இரண்டு பேர் கடலையும் வாடிக்கொண்டிருந்தது. பேச்சுவார்த்தையும் நின்றுபோயிற்று.

சுகுணாவால் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் முறையை ஸ்மார்ட் காண்ட்ராக்டாக எழுதினாள். அந்த நிரலைப் பிளாக்செயினில், பல கணினிகளில் ஒரேபோல இருக்கும் பொதுக் கணக்கேட்டில், ஏற்றிவிட்டால் எழுதியவளாலும் திருத்த முடியாது. யார் முறை என்று கேட்டால் இரண்டு பேர் போனிலும் ஒரே பதில்தான் வரும்.

சித்தப்பா லேசில் மசிகிற ஆளா? "நீ அண்ணன் மக. ஒங்கப்பாவுக்குத் தோதாத்தான் எழுதிருப்ப. எங் கண்ணு முன்னால ஏத்து. சரியா இருந்தாத்தான் பூட்டத் தொறப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, நல்ல நேரத்தில், முதல் முறை தொடங்குவதாக நிரலுக்குக் கொடுத்து வைத்திருந்தாள். சித்தப்பா டீயைக் குடித்துவிட்டு ஆடி அசைந்து சென்டருக்கு வந்தபோது மணி பத்தரை. அவள் கை பட்டனுக்குப் போனது.

"ஏத்தா, கைய எடு! ராகு காலம்."

பன்னிரண்டு அடிக்கும்வரை பெஞ்சை விட்டு அசையவில்லை மனுஷன். அப்புறம்தான் அமுக்கினாள். திரையில் சிவப்பெழுத்து: ஏற்க முடியாது. காரணம் ஒரு வரி கிடையாது. ஏற்றுவதற்கான கட்டணக் காசு கணக்கில் இருந்தது. நெட்வொர்க் சரி. இரண்டு பேர் முகவரியும் சரி. மறுபடி அமுக்கினாள், மறுபடி சிவப்பு.

"என்னத்தா, மக்கர் பண்ணுதா?"

"செத்த இருங்க சித்தப்பா."

இவர் இப்போது எழுந்து போனால் அந்தப் பூட்டு இந்தப் போகத்துக்குத் திறக்காது. அழுகை வரும்போல இருந்தது. வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாந்தான் சித்தப்பா எழுதிருக்கேன், கழிஞ்சுபோன நேரத்தக் குடுத்தா ஏத்துக்காதேன்னு. பின்னாடி யாரும் பழைய முறைய மாத்தி எழுதிரக் கூடாதுல்ல? நீங்க வந்தப்பவே பத்தேகால் தாண்டிருச்சு. இப்ப எனக்கே முடியாதுங்குது. ஏன்னு சொல்லவும் நான் எழுதி வைக்கல."

"நீ எழுதுனது, ஒம் பேச்சையே கேக்கலையா?"

"கேக்காது."

சித்தப்பா திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அப்பச் சரி. ஏத்து."

மறுநாள் காலை ஆறு மணி என்று மாற்றினாள். "மொத முறை யாருக்குப் போட?"

"அண்ணனுக்கே போடு."

இந்தத் தடவை பச்சை விழுந்தது. சுகுணா கைதட்டி முடிப்பதற்குள் சித்தப்பா செருப்பை மாட்டிவிட்டார். "நாளைக்கு விடியுற மட்டும் கடல தாங்குமா? நான் போயித் தொறக்குறேன். ஒங்கப்பாவ வந்து மோட்டாரப் போடச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க" என்று அப்பா நம்பரை அழுத்தித் தன் போனை நீட்டினாள்.

வாங்கி, வாசல் பக்கம் திரும்பி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார். "அண்ணே, நாந்தான் வீரய்யா பேசுறேன்" என்றார், குரல் மறந்துபோயிருக்குமோ என்று பயந்தவர்போல.