நாற்பது நாள் பூட்டு

அந்த அரசுக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்டக்கா. அதிர்ந்து பேசாதவள். மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள்.

இருபது வயதில் ஒரு பேராசிரியரின் கையெழுத்துப் பிரதியை அடித்துக் கொடுக்கப் போனாள். வீடு அதில் வாழ்கிறவருக்கே உரியது, விட்டுப் போனவர் அதை ஊருக்குத் திருப்பிக் கொடுத்தவர் ஆகிறார் என்பதுதான் புத்தகத்தின் சாரம். எத்தனை நாள் போனால் விட்டுப் போனதாக அர்த்தம்? அந்த இடத்தில் வெறும் கோடு இருந்தது.

"சார், இங்க நம்பர் இல்லையே."

"ஏதாவது போட்டு வைம்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

கையில் இருந்தது நாற்பதாம் பக்கம். நாற்பது என்று அடித்தாள். அவர் அப்புறம் பார்க்கவே இல்லை.

புத்தகம் அச்சாகிப் பாடமாயிற்று. படித்தவர்கள் அதிகாரிகளானார்கள். பதினைந்து வருடம் கழித்து, அவள் வேலை பார்த்த வீட்டுவசதி அலுவலகத்துக்கே அது சட்டமாக வந்தது: நாற்பது நாள் பூட்டிக் கிடக்கும் அரசு வீடு வேறொருவருக்கு. வரைவை அடிக்கும்போது அவள் விரல் நின்றுவிட்டது. எழுந்து போய் அதிகாரியிடம் சொன்னாள்.

"சார், இந்த நாப்பது... அது நான் சும்மா போட்டது."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லா சொன்னீங்க போங்க! நாப்பதுக்குக் கமிட்டி மூணு பக்கம் விளக்கம் எழுதியிருக்கு. இந்தாங்க, அதையும் அடிச்சிடுங்க."

அடித்தாள். ஓர் இடத்தை மனம் துறக்க நாற்பது நாள் பிடிக்கும் என்று அதில் இருந்தது. படிக்கப் படிக்க அவளுக்கே நிஜம்போல் இருந்தது.

முதல் நோட்டீஸ் அதே குடியிருப்பில் இருந்த அச்சகத் தொழிலாளி ஒருவருக்கு. தாயைப் பார்க்கப் போனவர் திரும்பி வந்தபோது உள்ளே வேறு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர் பையோடு படிக்கட்டில் உட்கார்ந்தே இருந்தார். அவள் ஏறிப் போக நகர்ந்து வழிவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு பூட்டிய கதவைக் கண்டாலே அவள் மனம் நாளை எண்ணத் தொடங்கிவிடும். வெளியூர் போகிறவர்களிடம் தானே போய்ச் சாவி கேட்டு வாங்கினாள். வாரம் ஒருமுறை திறந்து, பெருக்கி, குழாயைத் திறந்துவிட்டு, கம்பியில் ஈரத்துணி போடுவாள். அடுத்தவர் வீட்டு விளக்கை மட்டும் தொடமாட்டாள். அது மரியாதை இல்லை என்று நினைப்பு. நாற்காலியிலும் உட்காரமாட்டாள். யாரோ இப்போதுதான் அதைவிட்டு எழுந்து போனதுபோல் இருக்கும்.

கீழ்வீட்டுத் தையல்காரி மகளின் ஆபரேஷனுக்காக வெளியூர் போனாள்.

"உங்கள நம்பித்தான் போறேன்க்கா."

"போயிட்டு வாம்மா. வீடு எங்க ஓடிடப் போகுது?" சொன்ன வாய் கசந்தது.

நாற்பத்தோராம் நாள் காலை அவள் அங்கே தையல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்துச் சோதனைக்காரர் வந்தார். நேராகக் கரண்ட் மீட்டரைப் பார்த்தார்.

"நகரவே இல்லையே! நாப்பது தாண்டிடுச்சு. இங்க யாரு குடியிருக்கா?"

இத்தனை நாளும் தொடாமல் விட்ட சுவிட்சுகளை அவள் பார்த்தாள்.

"நான்தான்."

"நீங்களா? அப்ப இந்த விளக்கு?"

"போடறதில்லைங்க. இருட்டு பழகிடுச்சு."

அவர் பேனா காற்றில் நின்றது. "டைப்பிஸ்டம்மா, ஒருத்தருக்கு ஒரு வீடுதான். இத எழுதினா மேல இருக்கறது போயிடும். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். எழுதுங்க."

பத்து நாள் கழித்துத் தையல்காரி மகளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். கதவைத் திறந்த டைப்பிஸ்டக்கா ஓரமாக ஒதுங்கி நின்றாள். சுவரோரம் அவளுடைய இரண்டு பெட்டிகள்.

"இன்னும் கொஞ்ச நாள்... இங்க இருந்துக்கவாம்மா?"

தையல்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னக்கா இது? வீட்டுக்காரி மாதிரி கதவத் திறந்துட்டு விருந்தாளி மாதிரி கேக்கறீங்க?"

மேலே, மூன்றாம் மாடியில், யாரோ சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் டைப்பிஸ்டக்காவின் தோள் லேசாக அதிர்ந்தது.