எண்ணூற்றுப் பன்னிரண்டு கைநாட்டு

பொகவந்தலாவைக்கு மேலே ஆனைக்கல் தோட்டத்தில் கொழுந்து பறித்த சண்முகவடிவுக்கு வம்புக்காரி என்று பெயர். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அரைநாள் கூலிதான் என்று அரைப்பேர் எழுதினால் மற்றப் பெண்கள் முணுமுணுத்தபடி வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புவார்கள். அவள் மட்டும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "எதுல கொறஞ்சிச்சின்னு தராச மறுபடி தூக்கிக் காட்டுங்கய்யா" என்று நிற்பாள்.

அவள் வாக்குப் போட்டது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, நாற்பத்தேழாம் வருஷத்துத் தேர்தலில். அதற்கு அடுத்த வருஷம் வந்த சட்டத்தில் தோட்டத்துச் சனங்களின் பிரஜாவுரிமை போயிற்று. பின்னாலேயே வாக்கும் போயிற்று. புதிதாக விண்ணப்பம் போடலாம் என்றார்கள். போட்டாள். இடைவிடாமல் இலங்கையில் இருந்ததற்கு அத்தாட்சி போதாது என்று ஐம்பத்துநான்கில் அதைத் தள்ளிவிட்டார்கள். ஆனைக்கல் லயத்தில் பிறந்த அவள் ஹட்டனுக்கு அப்பால் கால் வைத்ததே கிடையாது.

"ஒங்களுக்கு வாக்கு இல்லாட்டி என்ன, செனட்டர் இருக்காரே" என்று ஹட்டனில் யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். அந்த செனட்டர் ஹட்டன் கடைவீதியில் மூன்று கடை வைத்திருந்த வீரபத்திரன் முதலாளி. செனட் சபையில் முப்பது பேர். பாதிப்பேரைப் பாராளுமன்றம் தேர்ந்தெடுக்கும். மீதிப்பேரைப் பிரதமர் சொல்ல, மகாதேசாதிபதி நியமிப்பார். வீரபத்திரன் நியமனக்காரர். தேர்தலுக்குத் தன் இரண்டு லொறிகளையும் ஆளுங்கட்சிக்கு ஓடவிட்டவர் என்பது ஊரறிந்த சங்கதி. ஐம்பத்தாறில் ஆட்சி மாறியதும் கடைச் சுவரில் மாட்டியிருந்த பிரதமர் படமும் மாறியது. லொறிகள் புதுக் கட்சிக்கு ஓடின.

தள்ளிவிட்ட விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு சண்முகவடிவு அவரை நான்கு முறை பார்க்கப் போனாள். நான்கு முறையும் "பார்ப்போம்மா" என்றார். முதலாளியின் கார் சாரதியின் மச்சானுக்குத் தபால் கந்தோரில் வேலை கிடைத்தது. கணக்கெழுதுபவரின் மருமகனுக்கு மதுவரி இலாகாவில் கிடைத்தது. தோட்டத்துக்காரர்களுக்கு "பார்ப்போம்" மட்டுந்தான் கிடைத்தது.

ஐம்பத்தேழின் கடைசியில் அரசியல் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஹட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். கொழும்பிலிருந்து வந்த தொழிற்சங்க வக்கீல் ஒருவர், பின்வாசல் வழியாக வேண்டியவர்களை உட்காரவைக்கிற நியமனமே கூடாது, செனட்டர் ஒவ்வொருவரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முழங்கினார். சனம் கைதட்டியது. சண்முகவடிவும் தட்டினாள். பிறகு எழுந்து கேட்டாள்.

"ஐயா, அப்படித் தேர்ந்தெடுக்கையில தோட்டத்து ஆளுங்களும் வாக்குப் போடுவோமாங்க?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவு செய்த பிரஜைகள் போடுவார்கள் அம்மா."

"நாங்க?"

"அது வேற பிரச்சினை. அதைத் தனியாகப் பேச வேண்டும்."

நியமனம் வேண்டும் என்கிறவனும் எங்களைக் கேட்கமாட்டான், வேண்டாம் என்கிறவனும் கேட்கமாட்டான் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ராக்காயியிடம், "நாமளே வாக்குப் போட்டா என்னடி?" என்றாள். ராக்காயி அவளோடு ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கிறவள். "போட்டுட்டு?" என்றாள். "போட்டுட்டு, எங்களுக்கு இன்னாரு வேணும்னு கொழும்புக்கு எழுதுவோம். அப்பறமும் நியமிக்கிறதுன்னா நாம கேட்ட ஆள நியமிக்கட்டும்."

வீரபத்திரனின் ஆறு வருஷம் ஐம்பத்தொன்பதில் முடிவதாக இருந்தது. அதற்குள் செய்துவிட வேண்டும் என்று கிளம்பினாள். ஆனைக்கல்லிலும் பக்கத்து மூன்று தோட்டங்களிலும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் சேலையை மறைப்பாகக் கட்டி, பின்னால் மூன்று பிஸ்கட் தகரங்கள். ஒன்றில் முதலாளியின் படம். ஒன்றில் கூட்டத்தில் பேசிய அந்தச் சங்கத்து வக்கீலின் படம். மூன்றாவதில் தோட்டப் பள்ளிக்கூடத்து சோலைமலை வாத்தியார் படம். ஆளுக்கு ஒரு தேயிலை விதை. போட்டுவிட்டு வெளியே வந்து தாளில் கைநாட்டு வைக்க வேண்டும். கங்காணிமார் சிரித்தார்கள். அவள் புருசன் பழனியாண்டி, "தோட்டத்துத் தொர காதுக்குப் போனா லயத்துக் காம்பராவ விட்டு எறக்கிருவான்" என்று முதல் வாரம் முழுக்கச் சண்டை பிடித்தான். இரண்டாம் வாரம் அவனே வந்து விதை போட்டான்.

எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் போட்டார்கள். வாத்தியாருக்கு ஐந்நூற்று எழுபது. வக்கீலுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது. முதலாளிக்கு நாற்பத்துமூன்று.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே டைப்ரைட்டர் வைத்து மனு எழுதும் அழகையாவிடம் தாள்களைக் கொடுத்தாள். பத்து வருஷமாகத் தோட்டத்துக்காரர்களின் மனுவெல்லாம் எழுதியவர் அவர்தான். எழுதிய முதல் தாளைத் தமிழிலும் இங்கிலீசிலும் வாசித்துக் காட்டினார். "நானே பதிவுத் தபால்ல போட்டுர்றேன், தங்கச்சி. நீ பஸ்ஸுக்குப் போ" என்றார்.

ஐம்பத்தொன்பதில் வீரபத்திரனே மறுபடி செனட்டர் ஆனார். சண்முகவடிவு ஆச்சரியப்படவில்லை. கேட்டுப் பார்த்தோம், அவர்கள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஹட்டனில் அவருக்கு வைத்த வரவேற்புக் கூட்டத்தில், மாலை போட வந்த ஒருவர் மைக்கில் சொன்னார்: "நமது செனட்டர் அவர்களே மீண்டும் வேண்டும் என்று எண்ணூற்றுப் பன்னிரண்டு தோட்டத் தொழிலாளர்கள் கைநாட்டு வைத்து அரசாங்கத்திடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறார்கள்!"

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "பொய்ங்க! அவர நாங்க கேக்கல! அவருக்கு விழுந்தது நாப்பத்திமூணு!"

மைக்கில் பாட்டைப் போட்டார்கள். யாரோ சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள்.

கூட்டம் கலையுமுன் அழகையாவின் மேசை முன்னால் போய் நின்றாள். அவர் டைப்ரைட்டரில் கண்ணை வைத்துக்கொண்டே பேசினார்.

"மொதத் தாள மட்டும் மாத்தினேன். கைநாட்டெல்லாம் அப்படியே இருக்கு."

"ஏன் அண்ணே?"

"தம்பி மூணு வருஷமா வேல இல்லாம இருந்தான். முதலாளி ரயில்வேயில சேத்துவிட்டாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அந்தத் தாளுங்களத் திருப்பி வாங்கிட்டுப் போயிருப்பேனே."

"அதான் சொல்லல" என்றார் அழகையா.

அடித்துவிடலாம் போல் இருந்தது. அடிக்கவில்லை. "இப்ப இன்னொன்னு அடிங்க. அந்த மனு நாங்க குடுத்தது இல்லன்னு." அவர் புதுத் தாள் செருகி அடித்தார். இந்த முறை அவளே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவு செய்தாள்.

மறுநாளிலிருந்து நான்கு தோட்டங்களிலும் லயம் லயமாகப் போய் நடந்ததைச் சொன்னாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. "எங்க பெருவெரல வாங்கிட்டுப் போயி அவனுக்கா வித்த?" என்று ஒரு கிழவர் காறித் துப்பினார். ராக்காயி அவளுக்காக எதிர்த்துச் சண்டை போட்டாள். ஆனாலும் அன்று மலையில் நிரை பிடிக்கும்போது அவளும் தள்ளியே நின்றாள். வாத்தியார் மட்டும், "எனக்கு ஐந்நூத்தி எழுபது விழுந்துச்சுங்கிறது எனக்குப் போதும் சண்முகவடிவு" என்றார். அந்த நல்ல மனசும் அவளுக்கு எரிச்சலாகவே இருந்தது. போதும் போதும் என்றுதானே எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி ஆள் அனுப்பினார். போனாள். மேசைமேல் அவளுடைய இரண்டாவது மனு கிடந்தது. கொழும்பில் அதைப் படித்தவர்கள், மலைநாட்டு விஷயம் என்று குறிப்பெழுதி, தக்க நடவடிக்கைக்காக மலைநாட்டு செனட்டருக்கே அனுப்பிவைத்திருந்தார்கள்.

"பாத்தியாம்மா, எங்க சுத்தினாலும் எங்கிட்டதான் வருது" என்று சிரித்தார். கோபமே இல்லை. "ஒன்னோட பிரஜாவுரிமைக் கடுதாசிய நான் எடுத்துத் தாரேன். தெரிஞ்ச ஆள் இருக்கான். இந்தக் கூட்டம், தகரம் எல்லாத்தையும் விட்டுரு."

ஐந்து வருஷமாக அவள் கேட்டு நடந்த கடுதாசி. ஒரு கணம் வாங்கிக்கொள்ளத்தான் தோன்றியது. பழனியாண்டி முகம் வந்து போனது.

"எனக்கு மட்டுங்களா?"

"பின்ன, தோட்டத்துக்கேவா?"

"அப்ப வேணாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நடந்ததை வீட்டில் வந்து சொன்னாள். பழனியாண்டி, "வேணாம்னு சொல்ல நீ யாருடி? புள்ளைங்களுக்காச்சும் ஆகியிருக்கும்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அறுபத்துநான்கில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் பேசி, தோட்டத்துச் சனங்களை இவ்வளவு லட்சம் அங்கே, இவ்வளவு லட்சம் இங்கே என்று பிரித்துக்கொண்டன. அப்போதும் யாரும் லயத்துக்கு வந்து கேட்கவில்லை. சில வருஷம் கழித்துப் புதுப் பிரஜாவுரிமை விண்ணப்பத் தாள்களைத் தூக்கிக்கொண்டு ஆனைக்கல்லுக்கு ஆட்கள் வந்தபோது, சனமெல்லாம் வரிசையில் நின்று பெருவிரலை நீட்டியது. சண்முகவடிவின் முறை வந்தது. மை தடவ வந்த கையைத் தள்ளிவிட்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு மொத வரியில இருந்து வாசிங்க" என்றாள்.

"ஒரு ஆளுக்கு வாசிச்சிக்கிட்டு இருந்தா பொழுது போயிரும்மா."

"போகட்டும். சத்தமா வாசிங்க, பின்னால நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."