வெங்காய அட்டியைச் சரித்த கார்டு

அந்தக் கார்டில் ஒரு சின்ன விசிறி உண்டு. கம்ப்யூட்டரைப் போட்ட உடனே மற்ற எல்லாச் சத்தத்துக்கும் மேலே அது கீச்சென்று இரையும். கடைக்கார அக்காவை நினைத்தால், முகத்துக்கு முன்னால் அந்தச் சத்தம்தான் எனக்கு வருகிறது. தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், ஐஸ் கம்பெனிக்கும் வலைக்கடைக்கும் நடுவில், அக்கா ஆறு கம்ப்யூட்டர் வைத்து கேம் சென்டர் நடத்தினாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். உப்பளம், லாரி, மாலத்தீவுக்குப் போகும் தோணி என்று சுற்றிவிட்டு, இருபத்தாறு வயதில் அங்கே வயர் மாட்டுகிற வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

கார்டு, கப்பலில் வேலை பார்த்த அக்காவின் தம்பி சிங்கப்பூரில் வாங்கி வந்தது. பிசிக்ஸ் கார்டு என்பார்கள். படம் காட்டுவது அதன் வேலை இல்லை. விளையாட்டில் சுவர் இடிந்தால் கல் எந்தப் பக்கம் உருளும், துணி எப்படிக் கிழியும், பீப்பாய் எதில் முட்டி நிற்கும் என்ற கணக்கை மட்டும் போடுவதற்கென்றே செய்தது. அதற்காக எழுதிய விளையாட்டுகளும் கொஞ்சம்தான். அக்கா ஆசையாக மாட்டினாள். முன்பு பத்துக் கல் விழுந்த இடத்தில் நூறு கல் விழுந்தது. அத்தனையையும் வரைந்து காட்ட முடியாமல் படம் திக்கியது. விளையாட வந்தவர்கள் விடுவார்களா? "எக்கா, கார்டு போட்டா வேகமா ஓடணும். உங்க சிஸ்டம் கார்டு போட்டு மூச்சு வாங்குது" என்றார்கள். "மெதுவா விழுந்தாலும் சரியா விழுதுலா? அவசரம்னா அடுத்த சிஸ்டத்துல போய் உக்காருங்கலே" என்றாள். கழற்றிவிடலாம் என்று நானும் சொன்னேன். கேட்கவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் தோணித்துறை ஷெட்டில் லோடுமேன். நான் அவரை அத்தான் என்பேன். ஒரு மத்தியானம் வெங்காய அட்டி சரிந்து அவர் இடது கால் நசுங்கியது. ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய மூட்டைகளைத்தான் அட்டி என்போம். ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பும் முன்பே மேஸ்திரி சொல்லிவிட்டார்: "அடி மூட்டைய உருவிருக்கான்." லோடுமேனுக்கு இதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. அடியில் உருவுகிறவன் பக்கத்தில் நிற்பவனையும் சேர்த்துச் சாகடிப்பான். அவனோடு யாரும் வேலைக்கு நிற்க மாட்டார்கள். முதலில் பேசியவர் மேஸ்திரி என்பதால் அதுவே நடந்தது என்று ஆகிவிட்டது. காலில் கட்டோடு கிடந்தவரைப் பார்க்க, கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. அத்தான் காலைப் பற்றிப் பேசவே இல்லை. "இருவது வருசமா மூட்டை தூக்குதேன். நான் அடியில கை வப்பேனாலே?" என்று என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டார்.

அக்கா அழுது நான் பார்க்கவில்லை. ஒரு துப்பாக்கி விளையாட்டோடு, நாமே இடம் கட்டிக்கொள்கிற புரோகிராம் ஒன்று வந்திருந்தது. அதைத் திறந்து திரையில் அந்த ஷெட்டைக் கட்டினாள். மரப்பெட்டிகளை மூட்டைக்குப் பதிலாக அடுக்கினோம். கடையின் பின்னறையில் கட்டிலில் படுத்திருந்த அத்தான் எட்டிப் பார்த்துச் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். "வெங்காய மூட்டை எங்கலே இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கும்? வயிறு தள்ளும்லா." அதனால் ஒவ்வொரு மூட்டையையும் நாலு துண்டாக்கி, துண்டுகள் நெளிகிற மாதிரி இணைத்தோம். நூற்றுச் சொச்சம் மூட்டை, நானூற்றுச் சொச்சம் துண்டு. கார்டு இல்லாத சிஸ்டத்தில் போட்டால் படம் அப்படியே உறைந்து நின்றது. கார்டு இருந்த சிஸ்டம் திக்கித் திக்கி ஓடியது, ஆனால் ஓடியது.

முதலில் முறைப்படி அடுக்கி, மேஸ்திரி சொன்னபடியே அடி மூட்டை ஒன்றை உருவினோம். அதற்கு மேலே இருந்த மூட்டைகள் மட்டும் இறங்கின; பக்கத்தில் இருந்தவை நின்றன. பிறகு அன்று அடுக்கியிருந்தபடி அடுக்கி, எதையும் தொடாமல் விட்டுப் பார்த்தோம். ஒரு வரிசை நெடுக்கு, அடுத்தது குறுக்கு என்று மாற்றிப் போட்டால்தான் மூட்டை ஒன்றையொன்று பிடிக்கும். தோணி கிளம்பும் அவசரத்தில் அன்று மேஸ்திரி பத்து உயரத்துக்கும் ஒரே வாக்கில் போடச் சொல்லியிருந்தார். அதே மாதிரி நாங்கள் அடுக்கியது கொஞ்ச நேரம் சும்மா நின்றது. அப்புறம் நடுவில் வயிறு தள்ளி, முன்பக்கம் முழுக்க ஒரே சரிவாக வந்தது. அத்தான் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதேதான்" என்றார்.

மறுநாள் காலை ஆள் எடுக்கும் நேரத்துக்கு, ஆட்டோவில் கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனோம். எடைமேடைப் பக்கம் இருந்த பிளக்கில் நான் வயர் சொருகினேன். மேஸ்திரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "ஏளா, புருசன் கால் போச்சுன்னா ஊர்ல அழுவாங்க. நீ வீடியோ கேம் வெளாடிட்டு வந்திருக்கியா?" எல்லாரும் சிரித்தார்கள். அக்கா ரெண்டு சரிவையும் ஓட்டிக் காட்டினாள். ரெண்டாவது முடியும்போது சிரிப்பு இல்லை. ஒருவர் மெதுவாக, "அன்னைக்கு முன்பக்கம் பூராத்தான வந்துச்சு. நாமதான மூட்டைய அள்ளுனோம்" என்றார்.

"வெளாட்டு சாமான நம்பி பேசுதியளோவே?" என்று மேஸ்திரி கத்தினார்.

"நம்ப வேண்டாம் அண்ணாச்சி," என்றாள் அக்கா. "இந்தா கெடக்கு வெங்காயம். அன்னைக்கு மாதிரியே பத்து உயரம் ஒரே வாக்குல போடச் சொல்லுங்க. அடியில ஒருத்தரும் கை வைக்க வேண்டாம். நீங்க முன்னால ஸ்டூல் போட்டு உக்காந்து ஒரு வெத்தல போடுங்க. விழலன்னா என் வீட்டுக்காரர்தான் உருவுனாரு. நானே ஊரெல்லாம் சொல்லுதேன்."

யாரோ உண்மையாகவே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். மேஸ்திரி அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கஸ்டம்ஸில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஸ்டூல் அங்கேயே கிடந்தது. அன்று சாயங்காலம் ஏழு பேர் அத்தானைப் பார்க்க வந்தார்கள். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. "டீ போடுளா, இவனுவளுக்கு" என்றார் அத்தான். அந்தக் குரலை அக்கா ரொம்ப நாள் கழித்துக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

அவர் கால் சரியாகவில்லை. மேஸ்திரியை யாரும் நீக்கவும் இல்லை. அந்த மாதிரிக் கார்டு செய்வதையே நிறுத்திவிட்டார்கள். அதன் வேலையை இப்போது எல்லாக் கம்ப்யூட்டரும் தானே செய்துகொள்கிறது. யாருக்கும் உதவாத, தோற்றுப்போன பொருள் என்று நெட்டில் எழுதுகிறார்கள். எழுதட்டும். அதன் கணக்கைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டூலில் உட்காரப் பயந்த மனிதரை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு கொச்சி, காண்ட்லா, விசாகப்பட்டினம் என்று எத்தனையோ ஷெட்டில் லோடுமேனாக வேலை பார்த்துவிட்டேன். எங்கேயாவது ஒரே வாக்கில் அட்டி போடச் சொன்னால், நான் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு மேஸ்திரிக்கு ஒரு ஸ்டூல் தேடுகிறேன். இதனால் மூன்று இடத்தில் வேலை போயிருக்கிறது. ஒருவரும் இதுவரை உட்காரவில்லை.