டோலோன் ஏற்றத்தில் நின்றுபோகும் லாரி

மலை நகரமான நாரினில் லாரியின் டீசல் பம்ப் மக்கர் செய்தால் ஆற்றங்கரைத் தெருவில் பச்சைக் கேட் போட்ட வீட்டுக்குத்தான் போவார்கள். அங்கே இருப்பவள் பூபுசைரா. ஐம்பத்து நான்கு வயது, குட்டையான உருவம், கல்லைப் போல உறுதியான மணிக்கட்டு.

பத்தொன்பது வயதில் மோட்டார் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தவள். பம்ப் சோதிக்கும் அறையில் துளித் தூசி ஆகாது. ஆண்கள் பூட்ஸ் மண்ணோடு உள்ளே வந்துபோவதைப் பார்த்துச் சலித்துப்போன மேலாளர், ஒரு பெண்ணை உட்கார வைத்தால் அறை சுத்தமாகவாவது இருக்கும் என்று அவளை அங்கே போட்டார். அறை சுத்தமாகத்தான் இருந்தது. கூடவே, அறுபது லாரிகளில் எந்தப் பம்ப் எந்த நேரத்தில் என்ன முரண்டு பிடிக்கும் என்பதும் இரண்டே வருடத்தில் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது.

நாடு உடைந்ததும் டிப்போவையும் மூடினார்கள். ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் கதவு, ஒருவர் கூரைத் தகடு, ஒருவர் கழிப்பறைத் தொட்டி. பூபுசைரா பம்ப் சோதிக்கும் மேசையைக் கேட்டு வாங்கினாள். எட்டுப் பேர் தூக்க வேண்டிய இரும்பு. வைக்கோல் வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு வந்த கணவன் கசிம், "இத வெச்சு என்ன பண்ணப் போறே, ரொட்டி சுடவா?" என்று வழி நெடுகக் கேட்டான். ஆறு மாதம் கழித்து, தன் ஆட்டுப்பட்டியில் பாதியை இடித்து, வெள்ளையடித்து, இரட்டைச் சன்னல் வைத்து, அந்த மேசைக்கு ஒரு அறை கட்டிக்கொடுத்தவனும் அவன்தான்.

இந்த அக்டோபரில் ஒருநாள் சமத் என்ற லாரிக்காரன் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே வரவும் மனமில்லாமல், போகவும் மனமில்லாமல் நின்றான்.

"என்னப்பா, வாசல்லயே நிக்கறே?"

"அக்கா, சொல்றதுக்கே ஒரு மாதிரியா இருக்கு. போன வருஷம் நீங்க பிரிச்சுப் பார்த்தீங்களே, அந்தப் பம்ப் போயிடுச்சாம். ஒமுர்பெக் அண்ணன் சொல்றாரு."

"பம்ப் உன் வண்டியிலதானே இருக்கு? அவருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

சமத் விவரம் சொன்னான். சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றி டோலோன் கணவாய் வழியாகக் கொச்கோருக்குப் போகிறான். ஏற்றத்தில் மூன்றாவது வளைவு வந்தால் வண்டி மூச்சு வாங்குகிறது, திணறுகிறது, நின்றுவிடுகிறது. டீசலைக் கையால் தள்ளிவிடும் கை பம்பை அடித்தால் கிளம்புகிறது. நூறு மீட்டர் போனதும் மறுபடி நிற்கிறது. காலியாகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. சுமை தாங்கவில்லை, ஆகவே பம்ப் தளர்ந்துவிட்டது என்று பஜாரில் பட்டறை வைத்திருக்கும் ஒமுர்பெக் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாட்டுவதற்கு வேறொரு பம்பையும் எடுத்து வைத்துவிட்டார்.

பூபுசைரா எஞ்சினை ஓடவிட்டாள். எட்டு சிலிண்டர். சிலிண்டரில் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் குழாயின் நட்டை ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்தி, காதைக் கொடுத்துக் கேட்டு, மறுபடி முடுக்கினாள். தளர்த்தும்போதெல்லாம் எஞ்சின் ஒரே அளவுக்குத் தடுமாறியது. எட்டும் வேலை செய்கின்றன.

"பம்ப்ல ஒண்ணுமில்ல. டீசல் வர்ற வழியில எங்கியோ ஏர் புடிக்குது" என்றாள். டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாய் வெடித்திருந்தது கண்ணில் பட்டது. அதை மாற்றி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் லாரி அதே வளைவில் நின்றது.

செய்தி சமத்துக்கு முன்னால் பஜாருக்கு வந்து சேர்ந்தது. இறைச்சிக் கடையிலும் பேச்சு, மாவுக் கடையிலும் பேச்சு. பூபுசைரா ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் நேராக ஒமுர்பெக்கின் பட்டறைக்குப் போனாள். அவர் எஞ்சின் மூடிமேல் தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன பூபுசைரா, ரப்பர மாத்தினா மலை ஏறிடும்னு நெனச்சியா?"

"ரப்பர்னு நெனச்சது என் தப்பு. பம்ப்னு நீ சொல்றது உன் தப்பு. என் தப்ப நான் ஒத்துக்கிட்டேன்."

"நிக்கற இடத்துல எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும். மலையிலதானே தெரியும்."

"அப்போ மலைக்கே போவோம். நீயும் ஏறு. உன் கண்ணாலயே பாரு."

மறுநாள் காலை மூன்று பேரும் ஒரே கேபினில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொச்கோர் பள்ளிக்கூடத்துக் கொதிகலனுக்கு வேண்டிய கரி பின்னால் அம்பாரமாக இருந்தது. கிளம்புவதற்கு முன் அவள் டேங்குக்கும் டீசல் வடிகட்டிக்கும் நடுவில் ஒரு முழ நீளத்துக்கு, பால் கறக்கும் எந்திரத்தின், உள்ளே ஓடுவது வெளியே தெரியும் குழாயைச் செருகியிருந்தாள். கேபின் கூரைமேல் இருபது லிட்டர் டீசல் கேனையும் கட்டச் சொன்னாள். அது எதற்கு என்று ஒமுர்பெக் கேட்டதற்கு, "குளிர்ல எனக்கு டீசல் குடிக்கற பழக்கம்" என்றாள்.

பனி விழுந்து கெட்டியாகாத ரோடு. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. சரியாக மூன்றாவதில் எஞ்சின் திணறி நின்றது. சமத் சக்கரத்துக்குக் கல் கொடுக்க இறங்கினான்.

"நான் சொல்லல?" என்றார் ஒமுர்பெக்.

பூபுசைரா இறங்கி, காலையில் செருகிய குழாய்க்கு முன் குந்தினாள். "நீயே வந்து பாரு. கை பம்ப் அடி, சமத்."

மஞ்சள் டீசலுக்கு நடுவே கடுகு கடுகாகக் குமிழ்கள் ஓடின. ஒமுர்பெக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"டேங்க்ல எவ்வளவு இருக்கு?"

"பாதிக்குக் கொஞ்சம் கீழ, அக்கா."

"ஒவ்வொரு தடவை நிக்கும்போதும்?"

சமத் யோசித்தான். நாரினில் நிரப்புவான். சுரங்கத்துக்குப் போய்க் கரி ஏற்றி இங்கே வருவதற்குள் பாதி தீர்ந்துவிடும். கரியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது கொச்கோரில் மறுபடி நிரப்பிக்கொள்வான். "ஆமா அக்கா. எப்பவும் இப்படித்தான் இருக்கும்."

"சுமை மேல பழியப் போட்டுட்டோம். நானும்தான் கேட்டிருக்கணும், கேக்கல" என்றாள். பிறகு டேங்கை விட்டுவிட்டு, கூரைமேல் இருந்த கேனிலிருந்து வடிகட்டிக்குக் குழாய் இழுத்தாள். எஞ்சின் பிடித்தது. முழுச் சுமையோடு, அதே பம்போடு, லாரி மீதி வளைவுகளை எல்லாம் ஒரே சீராக ஏறியது. உச்சியில் நிறுத்தும்வரை ஒமுர்பெக் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

அங்கே அவள் டேங்கின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளே தொங்கும் உறிஞ்சு குழாயை வெளியே எடுத்தாள். பார்வைக்குப் பழுதில்லை. ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, குழாயின் மேலெல்லாம் டீசல் தடவி, மறுமுனையைத் துணியால் துடைத்து ஒமுர்பெக்கிடம் நீட்டினாள்.

"ஊது."

"நானா?"

"பஜார் பூராப் பேசினியே, மூச்சு நிறைய இருக்குமே. ஊது."

அவர் ஊதினார். மேலிருந்து ஒரு சாண் கீழே, பழைய வெல்டுக்குப் பக்கத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அங்கிருந்து குமிழ் கிளம்பியது. டேங்க் நிரம்பியிருக்கும்போது விரிசல் டீசலுக்குள் மூழ்கியிருக்கும். டீசல் இறங்கியதும் அதன் வழியே காற்றை இழுக்கும்.

ஒமுர்பெக் வாயைப் பனியால் கழுவித் துப்பினார். "என் பட்டறையில இருந்திருந்தா பம்ப மாத்திட்டு அனுப்பியிருப்பேன்" என்றார், குரலைத் தாழ்த்தாமல், சமத்துக்கும் கேட்கும்படி. அந்த மனிதரை முப்பது வருடமாகத் தெரிந்த பூபுசைராவுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று புரிந்தது. அதற்குமேல் அவள் குத்திக்காட்டவில்லை.

விரிசலுக்கு மேலே தடித்த ரப்பரைச் சுற்றி, இரண்டு கிளிப் போட்டு இறுக்கினார்கள். முடுக்கியது ஒமுர்பெக். நாரினுக்குத் திரும்பியதும் வெல்டு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது.

கொச்கோரில் சமத் கரியை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மற்ற இருவரும் எதிர்க்கடையில் லக்மன் சாப்பிட்டார்கள். நூடுல்ஸைப் பாதியில் விட்டுவிட்டு ஒமுர்பெக் தொண்டையைக் கனைத்தார்.

"எங்கிட்ட மூணு பம்ப் கிடக்கு. அளவு வைக்க முடியல. எட்டுக் குழாய்க்கும் எட்டு அளவுல டீசல் விடுது. உன் மேசையில ஒரு தடவை..."

"கழுவிக் கொண்டு வா. உன் பூட்ஸையும் வெளியவே கழட்டிடு. மண்ணோட என் அறைக்குள்ள யாரையும் விடமாட்டேன்."

"காலுறையோடயா நிக்கணும்? தரை ஜில்லுன்னு இருக்குமே."

"கசிமோட கம்பளிச் செருப்பு இருக்கு, போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு, பூபுசைரா இன்னொரு தட்டு லக்மன் கேட்டாள்.