பதினான்கு மாதங்கள் இல்லாமல் இருந்த கை

தக். இளநீர்க் காயின் தலையில் பாராங் கத்தி இறங்குகிறது. பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் வண்டி போட்டிருப்பவருக்கு ஒரு காய்க்கு மூன்றே வெட்டு. முதல் வெட்டில் பச்சை சிதறும், இரண்டாவதில் வெள்ளை தெரியும், மூன்றாவதில் உள்ளே இருப்பது வெளியே வரும். அந்த மூன்றாவது ஓசை மட்டும் ஈரமாக இருக்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு மனிதர் விறுவிறுவென்று சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். அவரோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு நடந்த காலத்தில், அவருக்கு இளநீர் பிடிக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஸ்டூடியோவில் அவர் கோட்டண்ணன். நான் வர்ணம். அங்கே செய்கிற வேலைதான் பெயர். கடல் கடந்த ஒரு பதிப்பகம் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் சூப்பர்ஹீரோ சித்திரக்கதைக்கு, ஒரு துணிக்கடையின் மாடியில் உட்கார்ந்து அவர் பென்சிலில் கோடு போடுவார். அதைக் கணினியில் ஏற்றி நான் நிறம் கொடுப்பேன். கதை அங்கிருந்து வரும், அடி உதை இங்கே தயாராகும். எத்தனை தாடைகளை உடைத்திருப்போம், எத்தனை பேரை மொட்டைமாடியிலிருந்து தள்ளியிருப்போம், எத்தனை நகரங்களைக் காலை பத்து மணிக்குக் கொளுத்திவிட்டுத் தோசை சாப்பிடப் போயிருப்போம். ரத்தத்துக்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது: சிவப்பு கூடாது. கறுப்பாகப் போட்டால் பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுக்கலாமாம். ஆகவே ஒன்பது வருஷம் நான் கறுப்பு ரத்தம் சிந்த வைத்தேன்.

அந்த உலகத்தில் எதுவும் நிலைத்ததில்லை. நாயகன் செத்தான், ஊரே கறுப்புக் கொடி பிடித்தது, பத்து மாதம் கழித்து ஒரு குகையிலிருந்து தூசி தட்டிக்கொண்டு எழுந்து வந்தான். கல்யாணம் செய்துகொண்டான், அது நடக்கவே இல்லை என்று ஒரு மந்திரவாதியை வைத்து அழித்தார்கள். அவன் முகமூடியை வேறொருத்தி போட்டுக்கொண்டாள். வாசகர்கள் சண்டை பிடித்தார்கள், பாராட்டினார்கள், பழகினார்கள், பழகியதும் பதிப்பகம் அவளை அனுப்பிவிட்டது. இனி எதுவும் முன்போல இராது என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடும்போதே எங்களுக்குத் தெரியும், எல்லாம் முன்போல ஆகப்போகிறது என்று. அவன் முப்பது வயதைத் தாண்டாத உடம்பு. அந்த உடம்புக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் எதையும் தொலைக்க விரும்புவதில்லை.

அப்படிப்பட்ட கதையில் ஒரு நாள், நாயகனின் வலது கையை வெட்டும்படி உத்தரவு வந்தது. முழங்கைக்கு மேலே, ஒரே வீச்சில். இம்மாதிரிப் பக்கங்களுக்குக் கோட்டண்ணன் ஏழெட்டு மாதிரி போட்டுப் பார்ப்பார். அன்றைக்கு ஒன்றே ஒன்று போட்டார். அழிப்பானைத் தொடவில்லை. மற்றவர்கள் வரைந்தால் வெட்டுப்பட்டவன் வாயைப் பிளந்து அலறுவான். இவர் போட்ட நாயகன் அலறவில்லை, விழுந்து கிடக்கும் கையையும் பார்க்கவில்லை. வெட்டியவனின் முகத்தைப் பார்த்தான், ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவனைப்போல. எங்கே அண்ணே பார்த்தீர்கள் இதை என்று கேட்டேன்.

பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார். கிள்ளானில் அவருக்கு ஒரு கூட்டாளி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து, இடது பக்கத்தை ஒருவர், வலது பக்கத்தை ஒருவர் என்று படித்து, ஒரே நேரத்தில் புரட்டுவார்களாம். வளர்ந்ததும் ஆளுக்கொரு கேங். அங்கே கேங்குகளுக்கு எண்தான் பெயர்; அந்த எண்களை நான் எழுத மாட்டேன். ஒரு மத்தியானம், ஸ்னூக்கர் கடை ஒன்றின் பின்சந்தில், செய்தித்தாளில் சுற்றிய பாராங்குகளோடு இரண்டு பக்கமும் மோதின. ஒருவனைச் சாக்கடை விளிம்பில் கவிழ்த்துப் பல் கொட்டும்வரை மிதித்தார்கள். ஒருவனுக்குக் காது போயிற்று. எதிரே கூட்டாளி நிற்கிறான் என்று தெரிந்தேதான் இவர் போயிருக்கிறார். தெரிந்தே கழுத்துக்குத்தான் வீசியிருக்கிறார். கூட்டாளி கையைத் தூக்கினான், வருகிற பஸ்ஸை நிறுத்துகிறவனைப்போல, அவ்வளவு சாதாரணமாக.

“பாதி நான் வெட்டுனது, மீதி ஆஸ்பத்திரியில எடுத்தது. ஆனா முழுசும் என் பேர்லதான் மா.”

ஆறு வருஷம் உள்ளே இருந்தார். கோடு பழகியது அங்கேதான். வெளியே வந்து கேங்கை விட்டார், கிள்ளானை விட்டார், குடியை விட்டார். இவ்வளவு விட்டவர் இந்த ஒரு கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார். செத்தவன் திரும்பி வரலாம், அது வேடிக்கை. வெட்டுப்பட்ட கை திரும்பி வந்தால் அது அயோக்கியத்தனம் என்றார். இது நிற்கும் என்று நம்பினார். நின்றால், உலகத்தில் எங்கோ ஒரு காகிதத்திலாவது, தான் செய்தது செய்தபடி இருக்கும். அழியாத ஒரு தண்டனைபோல. அவருக்கு அது தேவைப்பட்டது.

பதினான்கு மாதம் ஒற்றைக் கை நாயகனை வரைந்தார். அவர் வாழ்க்கையிலேயே நல்ல கோடுகள் அவைதான். நாயகன் சட்டைக் காலரைப் பல்லில் கடித்து இழுத்துப் பொத்தான் போடுவான். புட்டியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கித் திறப்பான். கூட்டத்தில் நடக்கும்போது காலியான பக்கத்தைச் சுவரோரமாக வைத்துக்கொள்வான். பாராட்டிக் கடிதங்கள் குவிந்தன. கற்பனை என்று எழுதினார்கள். எனக்குத்தான் தெரியும், அவர் ஞாயிறுதோறும் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போய், லிட்டில் இந்தியாவில் கூட்டாளியின் கடைக்கு எதிரே ஓர் ஒட்டுக்கடையில் தேநீர் வாங்கி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார் என்று. கண்ணால் திருடுவார். ஒரு நாளும் சாலையைக் கடந்ததில்லை.

எனக்கு இன்னொன்றும் தெரியும். அதை நான் சொல்லவில்லை. பதிப்பகம் அனுப்பும் மூலக் கோப்பில் நாயகனின் உருவம் பல லேயர்களாக, ஒன்றன்மேல் ஒன்று போட்ட கண்ணாடித் தாள்களைப்போல இருக்கும். ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண். கண் திறந்திருந்தால் படம் தெரியும், மூடியிருந்தால் தெரியாது. கை போன மாதம் வந்த கோப்பைத் திறந்த அன்றே பார்த்தேன்: வலது கை அங்கேயே இருந்தது. கண்ணை மூடி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதற்குக் கீழே மந்திரவாதி அழித்த மனைவி, ஒரு வருஷம் மட்டும் போட்ட கறுப்பு உடை, யாருக்கும் பிடிக்காத தாடி, எல்லாமே கண்மூடிக் காத்திருந்தன. கோட்டண்ணன் காகிதத்தில் வரைகிறவர், கணினிப் பக்கமே வரமாட்டார். சொன்னால் அந்தக் கோடுகள் செத்துவிடும் என்று பயந்தேன். அது கருணையா, நிறம் கொடுக்க நல்ல பக்கங்கள் வேண்டும் என்கிற என் பேராசையா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பதினைந்தாவது மாதம் உத்தரவு வந்தது. நாயகனைப் பற்றிச் சினிமாப் படம் ஒன்று தயாராகிறதாம். படத்தில் அவனுக்கு இரண்டு கை. எங்கள் தவுக்கே நல்ல மனிதர், முதலாளி என்ற மிடுக்கு இல்லாதவர். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, புதிதாக யோசிக்கக்கூட வேண்டாம் என்று என் திரையில் கோப்பைத் திறந்து அந்தக் கண்ணைத் தட்டினார். கை வந்தது. நகக் கண் வரைக்கும் பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல். கோட்டண்ணன் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உனக்குத் தெரியுமா மா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த நொடி என் திரை சுவரில் மோதி நொறுங்கியது. தடுக்க வந்த தவுக்கேயின் உதடு கிழிந்தது. ஒரு பல் மேசைமேல் உருண்டது. பழைய மனிதர் பதினெட்டு வருஷத் தூக்கத்திலிருந்து எழுந்து நின்றார், கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு மாடு மாதிரி வர. நாற்காலி பறந்தது. கண்ணாடி உடைந்தது. ஓரத்தில் காகிதக் கட்டுகளை நறுக்கும் பெரிய கத்தி இருந்தது, நீண்ட கைப்பிடியோடு. அதன் கீழே தன் வலது கையைப் பரப்பி வைத்தார். இடது கையால் பிடியை உயர்த்தினார்.

“இதையும் கண்ண மூடி வைங்க லா, பாப்போம்.”

நான் எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. கைப்பிடிக்கு அடியில் என் தோளைக் கொடுத்தேன். தோள்பட்டை எலும்பில் இரும்பு இறங்கிய வலி மழை நாளில் இப்போதும் எழுந்து வரும். கத்தி அவர் கட்டைவிரல் அடிச்சதையோடு நின்றது. அடுத்த இதழுக்கான வெள்ளைத் தாள்களில் ரத்தம் பரவியது, தக்காளிப் பழத்தை நசுக்கியதைப்போல. ஒன்பது வருஷத்தில் அன்றுதான் எங்கள் காகிதத்தில் சரியான நிறம் விழுந்தது.

தையல் போட்டுக்கொண்டு வந்தவரைப் பற்றித் தவுக்கே போலீசில் சொல்லவில்லை. வீங்கிய வாயோடு ஒரு வாரம் தவணை கொடுத்தார்: வரைந்து கொடு, அல்லது போய்விடு. வரையப் போவதில்லை என்று கோட்டண்ணன் என்னிடம் சொன்னார். ஆனால் அதைக் கூட்டாளியிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் போவாராம். தன் பிடிவாதத்துக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது அவருக்கு. என்னையும் கூப்பிட்டார். தனியாகப் போனால் ஒட்டுக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்றார்.

கிள்ளானில் அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் சுரண்டியது. அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் மக்கள் நடக்கும் அந்தக் கூரைபோட்ட பாதையில், கூட்டாளி ஒரு சின்ன மேசை போட்டுக் கைத்தொலைபேசிகளுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால். தொலைபேசியை முழங்கையின் மிச்சத்தால் அமுக்கிப் பிடித்து, கண்ணாடியின் ஓர் ஓரத்தை வைத்து, ஊதி, மெல்ல விட்டார். ஒரு குமிழி இல்லை. நிமிர்ந்து பார்த்தவர் திடுக்கிடவில்லை.

“என்னா, இன்னிக்கு ரோட்ட தாண்டிட்ட? ஞாயிறு ஞாயிறு அங்க ஒக்காந்து தே குடிக்கிறியே, எனக்குக் கை மட்டும்தான்டா போச்சு. கண்ணு இருக்கு.”

மேசைக்கு அடியிலிருந்து கட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். எங்கள் புத்தகங்கள். பதினான்கு மாதமும் ஒன்று விடாமல். காலரைக் கடித்துப் பொத்தான் போடும் பக்கத்தைப் பார்த்த அன்றே, வரைவது யார் என்று தெரிந்துகொண்டாராம். என் கடையில் வந்து என்னையே திருடுகிறாயே என்று சிரித்தார். கோட்டண்ணன் சிரிக்கவில்லை. ஒப்பித்துப் பார்த்து வந்ததைப்போல, கையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள், நான் கொடுக்க மாட்டேன், வேலையே போனாலும் சரி, உனக்காக, என்றார்.

அறை விழுந்தது. இடது கை. அஞ்சடியில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். இரண்டாவது அறையில் கோட்டண்ணன் மேசைமேல் சாய்ந்தார். கண்ணாடிகள் சரிந்து கல்தரையில் சிதறின. அவர் தடுக்கவில்லை, கையைத் தூக்கவே இல்லை. மூன்றாவதாக ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. கூட்டாளி அதை இறக்கிக்கொண்டார்.

“எனக்காகவா? மாசா மாசம் மொதல் பக்கத்தத் தொறக்கறப்ப கை வந்துருச்சான்னுதான்டா பாப்பேன். என் கைய வெட்டுன. அவன் கையையும் நீயே புடிச்சி வச்சிக்குவியா? போட்டுக் குடுடா. அவனுக்காச்சும் வரட்டும்.”

கோட்டண்ணன் நான்கு நாளில் வரைந்து கொடுத்தார். லேயரில் இருந்த கையைத் தொடவில்லை. காகிதத்தில், தையல் பிரியாத விரல்களால், புதிதாக ஒன்று போட்டார். பிறகு வேலையை விட்டுவிட்டார். செமினிப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். நாயகனுக்குக் கை வந்ததைப் பார்த்து வாசகர்கள் ஏளனம் செய்தார்கள்: பார், எதுவும் நிலைக்காது, எல்லாம் விற்பனைத் தந்திரம். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தவள். இப்போது வாய் வருவதில்லை. அந்தப் பொய்க்காக ஒரு மனிதர் பதினான்கு மாதம் அஞ்சடியில் உட்கார்ந்து காத்திருந்தார். திரும்பி வந்த கையில் சுண்டு விரல் மட்டும் சற்று உள்நோக்கி வளைந்திருந்தது. மூலக் கோப்பில் அப்படி இல்லையே, திருத்து என்று பதிப்பகம் எழுதியது. இரண்டு இதழ்கள் காது கேளாதவள்போல இருந்தேன். மூன்றாவது இதழில் வேறு யாரோ நேராக்கிவிட்டார்கள். பெரிய மாற்றங்கள் நிலைக்குமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்த இரண்டு இதழ்கள்தான்.

விரல் ஏன் வளைந்தது என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்குக் கிள்ளானில் கண்ணாடித் துண்டுகளை நாங்கள் மூவரும் குனிந்து பொறுக்கி முடித்தோம். கோட்டண்ணனின் கன்னத்தில் நான்கு விரல் தடம் சிவந்து கிடந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் தொடவில்லை, மன்னிப்பு என்ற சொல்லும் வரவில்லை. போறேன் என்று இவர் முணுமுணுத்தார். பத்தடி நடந்திருப்போம். பின்னாலிருந்து கூட்டாளி கூப்பிட்டார்.

“டேய், எனக்குச் சுண்டு விரல் கொஞ்சம் உள்பக்கமா வளைஞ்சிருக்கும், ஞாபகம் இருக்கா? நேரா போட்டுறாத.”