கார்னருக்குப் பிறகு

ஜலகண்டாபுரத்தில் பெண் பிள்ளைகளுக்கு நான் கால்பந்து சொல்லிக்கொடுத்தபோது, எங்களிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு வித்தைதான். எதிரணிக்கு மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் கிடைத்தால் அவர்களில் பாதிப்பேர் எங்கள் கோலுக்கு முன்னால் வந்து குவிந்துவிடுவார்கள். பந்தைத் தடுத்த கையோடு வலப்பக்கம் நீளமாக உதைத்துவிட்டால் போதும். அங்கே பாய்ந்தோட ஒருத்தி இருந்தாள், தறி ஓட்டுபவரின் மகள். அவளை ஓடிப் பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவளை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். போட்டிக்கு மட்டுமாவது அனுப்பச் சொல்லி வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"அங்க ஞாயித்துக்கெழமையும் பரீட்சைங்க சார். எங்களையே பாக்க உடமாட்டேங்கறாங்க," என்றார் அவள் அப்பா. 

அவள் இடத்தில் இன்னொரு பிள்ளையைப் பழக்கினேன். சேலத்தில் நடந்த போட்டியில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடியும் நேரத்தில் வந்த கார்னரை எங்கள் கோல்கீப்பர் எகிறிப் பிடித்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வலப்பக்கம் உதைத்தாள். பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்து, உருண்டு, கோட்டைத் தாண்டியது. புதிதாகப் பழக்கிய பிள்ளையோ கோல் தப்பிய சந்தோஷத்தில் எங்கள் கோல் கம்பத்தருகே கைதட்டிக்கொண்டு நின்றாள்.

திரும்பும் பஸ்ஸில் கோல்கீப்பர் அழுதாள். "அவ இருக்கறான்னே நெனச்சுட்டேனுங்க சார்."

"பரவால்ல, உடு சாமி," என்றேன்.

மறுநாள் முதல், கார்னர் வந்தால் எந்தப் பக்கமாவது பந்தை வெளியே தள்ளிவிட்டு நில்லுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். அதைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு சாயங்காலமே போதுமானதாக இருந்தது.